மிக்கேல் கல்லறைக்கு ஒரு வார்த்தை

அத்தியாயம் பதினான்கு

மிக்கேல் செத்த பிறகுதான் ஊருக்கு அவன் மேல் பிரியம் பொங்கியது. இருந்தவரை "சாம்பியன் லாரி வருதுடா, மாட்டு வண்டிக்கு வழி வுடச் சொல்லுங்கடா" என்று கிண்டலடித்த அதே வாய்கள், இப்போது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உச்சுக் கொட்டுகின்றன. "அவன மாதிரி ஒருத்தன் இனிமே பொறந்து வரணும்" என்கின்றன. நல்ல வாய்கள். டீ ஆறுவதற்குள் எதையும் சொல்லும்.

விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம். பஸ் கம்பெனி ஷெட்டில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த மிக்கேலை மெட்ராஸ் மில் முதலாளி ஒருவர் அழைத்துப் போனார். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் அவன் மூன்று வருஷம் வரிசையாகச் சாம்பியன் ஆனான். அப்புறம் என்ன ஆனதோ, இரண்டு வருஷம் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. முதலாளி வண்டியை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்தவன் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினான். இந்தப் பங்குனியில், எதிரே மிரண்டு வந்த ஒரு வண்டி மாட்டுக்கு ஒதுங்கப்போய், லாரியோடு வாய்க்காலில் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான்.

அவன் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள் அடுத்த வியாழக்கிழமை. மாதா கோயில்காரர்கள் எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். சாமியார் ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அன்றைக்கு மிக்கேல் கல்லறை மொட்டையாக நிற்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

மிக்கேலின் மனைவி அமலராணி பீங்கான் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கோப்பைக்கும் சாஸருக்கும் பூ எழுதுகிறவள். கல்லறையில் பதிக்க ஒரு பீங்கான் பலகையை அங்கேயே வார்த்து, ஒரு முறை சுட்டும் ஆகிவிட்டது. நேற்று அவளே உட்கார்ந்து நீலச் சாயத்தில் எழுத்தெழுதினாள். மேலே சிலுவை. கீழே 'பா. மிக்கேல்'. பிறந்த தேதி, இறந்த தேதி. எல்லாவற்றுக்கும் அடியில் 'சாம்பியன்'.

அந்தக் கடைசி வார்த்தை மாமனார் பால்சாமி கேட்டு வாங்கியது. எஸ்டேட்டுப் பொதுச் சூளையில் அவர்தான் மேஸ்திரி. படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தடியா எழுதும்மா. கல்லறத் தோட்டத்து வாசல்ல நின்னாலே தெரியணும்."

"எதுல சாம்பியன்னு எழுத வேணாமா மாமா?"

"எதுலன்னு ஊருக்குத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தை போதும்."

அவள் தடியாகத்தான் எழுதினாள். எழுதும்போதே கைக்கு என்னவோ பிடிக்கவில்லை. கிழவர் முகத்தைப் பார்த்து மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சமாதானம் கெட்டது. கெடுத்தவள் நாத்தனார் உபகாரமேரி. கெட்ட எண்ணத்தில் அல்ல, பாவம்.

மேரிக்குப் போஸ்டாபீஸில் வேலை. அண்ணன் செத்த அன்றைக்கு அழுததோடு சரி, பிறகு யாரும் அவளை அழப் பார்த்ததில்லை. அந்த அழுகையை எல்லாம் வேலையாக மாற்றிக்கொண்டாள். திருநாள் அன்று கல்லறையில் ஊர்க்கூட்டம் ஒன்று, பேச்சு, மாலை என்று போஸ்ட்மாஸ்டர் மாணிக்கவேலைப் பிடித்து ஏற்பாடு செய்தவள் அவள்தான். காலையில் ஒரு கட்டு நோட்டீஸோடு அடுப்படிக்கு வந்தாள்.

"அண்ணி, இத கேட்டுட்டு அப்பறம் வேலைக்குப் போங்க."

"நேரமாவுது மேரி."

"ரெண்டு நிமிஷம். நம்ம போஸ்ட்மாஸ்டர் சாரு எழுதினது. அவருக்குத் தமிழு வந்துட்டா நிறுத்த முடியாது, இருந்தாலும் நல்லாருக்குது. 'மூன்றாண்டு தொடர்ந்து வாகை சூடிய நம் மண்ணின் மைந்தன்! எந்தப் பந்தயத்திலும் எதிராளி எவருக்கும் சிறு தீங்கும் இழைக்காத நேர்மையாளன்! சாம்பியன் என்ற சொல் பொறித்த அவரது கல்லறைப் பலகைத் திறப்பு...'"

அமலராணி கையிலிருந்த கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது.

"அந்த வரிய யாரு எழுதச் சொன்னது?"

"எந்த வரி?"

"யாருக்கும் தீங்கு பண்ணாதவருன்னு."

"யாரு சொல்லணும்? எங்கண்ணன் எறும்புக்குக்கூட ஒதுங்கிப் போனவன். மாட்டுக்கு ஒதுங்கித்தானே செத்தான்?" மேரி நோட்டீஸை மடித்தாள். குரல் கொஞ்சம் கம்மியது. "அவன் தோத்துட்டு வந்தப்ப இந்தத் தெருவே சிரிச்சுது அண்ணி. லாரி ஓட்டறப்ப சின்னப் புள்ளைங்க பின்னாடி ஓடி ஓடிக் கத்தும். அவங்க எல்லாரும் வியாழக்கிழம அந்தப் பலகைக்கு முன்னாடி வந்து நின்னு வாய்விட்டுப் படிக்கணும். எனக்கு அது போதும். வெளியூருக்கெல்லாம்கூட போன வாரமே அனுப்பிட்டேன். அண்ணங்கூட ஓட்டினவங்களுக்கெல்லாம்."

 அமலராணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அல்லது, அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தேழில் மூன்றாவது கோப்பையோடு வீட்டுக்கு வந்த மிக்கேல், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். மாலை போட வந்தவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவன், ஒருநாள் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னான்.

"கோயமுத்தூரு கோதண்டபாணிக்கு முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்களாம், ராணி."

"ரேஸுன்னா அப்படி நடக்கறதுதானே."

"நடக்கல. நான் நடத்தினேன். வளைவுல பக்கத்துல வந்துட்டான். என்னியவிட அரை வண்டி முன்னாடி. போனா ஜெயிச்சிடுவான். தெரிஞ்சேதான் ஸ்டீயரிங்க அவன் பக்கம் திருப்பினேன்."

அதற்கப்புறம் அவன் எந்த வளைவிலும் தைரியமாகத் திரும்பவில்லை. ஊர் அவனைப் பயந்துவிட்டான் என்றது. லாரியை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டியபோது சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முகம் தெரியாத அந்தக் கோதண்டபாணியை அவள் ஐந்து வருஷமாகத் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மனுஷனின் காலை ஒடித்து வாங்கிய பேரைச் சிலுவைக்குக் கீழே எழுதி, அதற்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொல்வதா? அதுவும் யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்று நோட்டீஸ் அடித்து? அந்தக் காலில்லாதவன் எங்கேயாவது உட்கார்ந்து இதைப் படித்தால் அவன் வயிறு எரியாதா?

பீங்கான் கம்பெனி ஷெட்டுக்குள் நுழைந்து நேரே தன் இடத்துக்குப் போனாள்.

பலகை அவள் மேஜை மேல் இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே வேலை. பளபளப்புப் பூச்சுக்காகப் பலகையைக் கிளேஸில் முக்க வேண்டும். முக்கினால் பலகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகிவிடும். அடியில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று எழுதியவளுக்குத்தான் தெரியும். சூளையில் வெந்து கிளேஸ் கண்ணாடியான பிறகுதான் நீலம் வெளியே வரும்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் செய்ய மாட்டோம் என்று தெரிந்தே யோசிக்கவில்லை. ஈரப் பஞ்சை எடுத்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழுத்தித் துடைத்தாள். பஞ்சு நீலமானது. தங்கியதை பிளேடால் சுரண்டினாள். மறுபடி துடைத்தாள். பேரும் தேதியும் சிலுவையும் அப்படியே இருந்தன. கீழே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

பிறகு பலகையைக் கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்தாள். எல்லாம் வெள்ளையானது.

"ஆச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பால்சாமி உள்ளே வந்தார். தோளில் கரி படிந்த துண்டு. காலையிலேயே சவரம் பண்ணியிருந்தார். மகன் சாவுக்கப்புறம் அவர் முகம் அவ்வளவு சுத்தமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"ஆச்சு மாமா."

"ஆளுங்ககிட்ட குடுக்கல. நானே எடுத்துட்டுப் போறேன். மேல் வரிசையில நடுவுல எடம் வெச்சிருக்கேன். அங்கதான் சூடு சீரா நிக்கும்."

பிறந்த குழந்தையை வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். வெள்ளைப் பலகையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்து, தொடாமல், விரலை ஒரு சாண் உயரத்தில் நகர்த்தினார்.

"இங்கதானே இருக்குது?"

அமலராணி அந்த விரலையே பார்த்தாள். சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் கிளேஸைக் கழுவிவிட்டு மறுபடி எழுதலாம். சாயங்காலத்துக்குள் முடியும்.

"ஆமாம் மாமா" என்றாள்.

அவர் தூறல் படாமல் துண்டால் மூடிக்கொண்டு போனார். அவள் அன்றைக்கு ஒரு கோப்பைகூட எழுதவில்லை. தலைவலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாயில் படுத்துக்கொண்டாள். நல்லது செய்தோம் என்று இருந்தது. பாவம் செய்தோம் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் அவளைப் பிய்த்துத் தின்றன.

மூன்று மணிக்கு மேல் வாசலில் மேரியின் குரல் கேட்டது.

"அண்ணி! யாரு வந்திருக்காங்க பாருங்க! போஸ்டாபீஸ்ல வந்து நம்ம வூட்ட விசாரிச்சாரு. அண்ணங்கூட ரேஸு ஓட்டினவராம். கோயமுத்தூர்லேருந்து ரயிலேறி வந்திருக்காரு. நோட்டீஸு கெடச்சுதாம். பேசிட்டிருங்க, டூட்டி முடிச்சுட்டு வந்துடறேன்."

அவள் போய்விட்டாள். வந்தவர் வாசற்படியில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, முதலில் நல்ல காலை ஏற்றி, பிறகு கட்டைக் காலை இழுத்து வைத்தார். கட்டை தரையில் மோதிய சத்தத்தில் அமலராணி எழுந்து நின்றுவிட்டாள்.

"நீங்க..."

"கோதண்டபாணிங்க. பேரு கேள்விப்பட்டிருப்பீங்க."

அவளால் "உக்காருங்கண்ணே" என்று சொல்லத்தான் முடிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 

அவர் குடித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த மிக்கேல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படத்தில் மிக்கேல் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைச்சுப் பேசறவன் இல்லீங்க. நோட்டீஸப் படிச்சேன். அதுல ஒரு வரி பொய்யி. அத எடுக்கச் சொல்லோணும்னுதான் வந்தேன்."

"தெரியும்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிட்டானா உங்ககிட்ட?"

"சொன்னாரு. தெரிஞ்சேதான் இடிச்சேன்னு சொல்லி அழுதாரு."

"தெரிஞ்சேதான். எனக்கும் தெரியும். அவங் கண்ணப் பார்த்தனே. அதுக்கப்பறம் வண்டி மூணு தடவ உருண்டுது." அவர் கட்டைக் காலைக் கையால் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார். "ஆசுபத்திரிக்கு அவன் வந்தானுங்க. வெளியிலயே நின்னுட்டுப் போயிட்டான்னு நர்ஸு சொல்லுச்சு. வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பனோ."

அமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் செய்தது சரிதான் என்று உள்ளே ஏதோ ஒன்று ஆறியது. இந்த மனுஷனுக்காகத்தானே செய்தோம். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. மத்ததெல்லாம் சரி. அந்தப் பலகையப் பத்திப் போட்டிருந்ததப் படிச்சப்பத்தான் எனக்கு நெஞ்சு நெறஞ்சுது. சாம்பியன்னு எழுதறீங்களாமே. நல்ல காரியம் பண்ணினீங்க."

"அண்ணே?"

"அவனாட்டம் ஒருத்தன நான் பார்த்ததில்ல. எங்க வண்டியெல்லாம் அவன் வண்டியவிட ஒசத்தி தெரியுமுங்களா? அவனுது பழைய காரை வெட்டி ஒட்ட வெச்சது. வளைவு வந்தா நாங்க எல்லாம் பிரேக்கப் போடுவோம். அவன் கியரக் கொறச்சு இன்ஜின வெச்சே புடிப்பான். இன்ஜின் அழுவற சத்தத்தக் கேட்டே எவ்வளவு தாங்கும்னு சொல்லிப்புடுவான். ரெண்டாவது வருஷம் மழையில ஓட்டினான் பாருங்க, நாங்க பின்னாடி தண்ணியத் தின்னுட்டு வந்தோம். அதுல எல்லாம் ஒரு குத்தம் சொல்ல முடியாது. சுத்தமா ஜெயிச்சான்."

"கடைசி வருஷம்?"

"கடைசி வருஷம் திருடிட்டான். ஒரே ஒரு வளைவுல திருடிட்டான். அதுக்கப்பறம் அவனால ஓட்ட முடியலன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் காலு போச்சு, அவனுக்குக் கை போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பறம் எப்படிண்ணே அந்த வார்த்தைய எழுதச் சொல்றீங்க? உங்களுக்கு வயிறு எரியல?"

 கோதண்டபாணி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"எரிஞ்சுதுங்க. ரெண்டு வருஷம் நல்லா எரிஞ்சுது. அப்பறம் எம் பசங்க வளந்தாங்க. அப்பாவுக்குக் காலு எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? சாம்பியன் மிக்கேலத் தாண்டப் போனப்ப போச்சுடான்னு சொன்னேன். அரை வண்டி தாண்டிட்டன்டா, அதனாலதான் அவன் இடிச்சான்னு சொன்னேன். பஸ்ஸுல அடிபட்டும் காலு போவுது, மில்லு மிஷின்ல மாட்டியும் போவுது. என்னுது அப்படிப் போகலீங்க தங்கச்சி. சாம்பியனே பயந்துபோய் இடிக்கற அளவுக்கு நான் ஓட்டினேன். எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அவன் சாம்பியன் இல்லீன்னா நான் யாருங்க? எங்கியோ விழுந்து காலொடிஞ்ச ஒரு மெக்கானிக்கு."

சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் கூச்சப்பட்டவராகச் சிரித்தார். "நாளைக்குப் போலாம்னு வந்தேன். பலகையக் கண்ணால ஒருக்காப் பார்த்துட்டுப் போலாங்களா? வெந்துருச்சா?"

அமலராணிக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சூளை வாசல் அடைக்கிற நேரம்.

"மேரி வந்துடுவா அண்ணே. இருங்க. சாப்பிடாம போயிடாதீங்க. நான் இதோ வரேன்."

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். எஸ்டேட் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சேலையெல்லாம் சேறு. எதிரே வந்த பெண்கள் "என்னா ராணி, என்னா ஆச்சு?" என்றார்கள். அவள் நிற்கவில்லை.

சூளை வாசல் செங்கல் வைத்து அடைத்து, மேலே மண்ணும் பூசியாகிவிட்டது. மண் ஈரமாகப் பளபளத்தது. பாவாடை என்கிற கரி தள்ளும் ஆள், சூளைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அணைத்த தட்டை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். பால்சாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பு வாய்களில் நெருப்பு வைத்து முடித்திருந்தார். நெருப்பு இன்னும் சின்னதாகத்தான் எரிந்தது.

"வாம்மா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல நேரத்துல வந்த. இப்பத்தான் இவங்கிட்ட சொல்லிட்டிருந்தேன். புதங்கெழம வாசலப் பிரிக்கறப்ப மொதல் சாமானா அதத்தான் எடுக்கப் போறேன். மொதல்ல உங்கண்ணால நீ படிச்சுச் சொல்லணும்."

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க."

"என்னம்மா? ஏன் இப்படி நனஞ்சிட்டு?"

"மாமா, அந்த வார்த்த அதுல இல்ல."

அவருக்குப் புரியவில்லை.

"கிளேஸ் முக்கறதுக்கு முன்னாடி துடச்சிட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். பேரு இருக்குது, தேதி இருக்குது. அது இல்ல மாமா."

பால்சாமி கையிலிருந்த, கரி அள்ளும் கரிமுள்ளை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. வயதானவர்கள் திடீரென்று இன்னும் வயதாகிப் போவார்களே, அப்படி ஆனார்.

"என்னத்துக்கும்மா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டீஸ் வரி, மடியில் தலை வைத்து மிக்கேல் சொன்னது, இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிற கோதண்டபாணி, அவர் சொன்னது. சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கிட்டயும் சொன்னான்" என்றார் பால்சாமி.

அமலராணி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இந்த எடத்துலதான். ராவுல வந்து கூட உக்காந்துகிட்டு, நெருப்பப் பாத்துக்கிட்டே சொன்னான். இடிச்சுப்புட்டேன்பான்னு சொன்னான். நான் என்ன சொல்றது? பெத்தவன். போடா, போய்ப் படுடான்னேன். ஒரு நல்ல வார்த்த சொல்லல. மறுபடியும் அத அவனும் எடுக்கல, நானும் எடுக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் நல்லவன்னு எழுதச் சொல்லல ராணி. யோக்கியன்னு எழுதச் சொல்லல. ஓட்டத் தெரிஞ்சவன். அத ஒண்ண மட்டுந்தானே எழுதச் சொன்னேன்? மத்ததுக்கெல்லாம் அவன் கணக்குத் தீத்துட்டானே. வேற என்னா இருக்குது அவனுக்கு?"

பாவாடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். மெல்லக் கிட்டே வந்தான்.

"மேஸ்திரி, மண்ணு ஈரந்தான். சூடு இன்னும் ஏறல. நாலு செங்கல்ல பேத்தா கைய வுட்டு எடுத்துடலாம்."

அமலராணி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பால்சாமி அடைத்த வாசலைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் கால் அந்தப் பக்கம் நகரவே செய்தது.

பிறகு நின்றார்.

"மேல் வரிசையில வெச்சிருக்குது. எடுக்கணும்னா முன்னாடி அடுக்கினதெல்லாம் பிரிக்கணும். உள்ள நம்ம சாமான் மட்டுமா இருக்குது? அம்புஜவல்லி வூட்டு கார்த்திக வெளக்கு முழுக்க உள்ள இருக்குது. விருத்தாம்பாள் மூணு மாசமா வார்த்த பொம்ம இருக்குது. இந்த மழக் காத்து உள்ள பூந்தா பாதி சாமான் வெடிச்சிடும். நெருப்பு வெச்சதுக்கப்பறம் வாசலப் பிரிச்சான் பால்சாமின்னு ஒரு பேரு எனக்கு இதுவரைக்கும் இல்ல."

"மேல எழுதி இன்னொரு தடவ சுட்டுக்கலாமில்ல?" என்றான் பாவாடை.

"மேல எழுதினது நாலு மழைக்குத் தாங்காது. புதுசா ஒண்ணு வார்த்தாலும் புதங்கெழம வரைக்கும் சுட வேற சூளை இல்ல" என்று அமலராணியே சொன்னாள். அவள் தொழில் அது. அந்தப் பதில் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது.

அடுப்பு வாயில் நெருப்பு தணிந்துகொண்டிருந்தது. முதல் இரவு சூடு ஒரே சீராக ஏற வேண்டும், விட்டால் சரக்கு போய்விடும். பால்சாமி குனிந்து கரிமுள்ளை எடுத்தார். மகனுடைய வெறும் பலகை வேகிற சூளைக்கு, தானே ஒரு வாரு கரியை அள்ளி உள்ளே போட்டார். இன்னொரு வாரு. நெருப்பு பிடித்துக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் அவர் அழுவது தெரிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தன.

"மாமா, நான் பண்ணினது..."

"வூட்டுக்குப் போம்மா" என்றார் திரும்பாமல். "அந்தத் தம்பி தனியா உக்காந்திருக்கும். நம்ம வூட்டுக்கு வந்தவரு. மொதல்ல சோறு போடு. அப்பறம் நீயே சொல்லிடு. என்னால அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது."

திரும்பி நடந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டே வந்தாள். 'உங்களுக்காகத்தான் அண்ணே துடச்சேன்' என்று ஆரம்பிக்கலாம். அவர் நல்ல மனுஷர். நாளைக்கு ஊருக்குப் போகிறவர். ஒருவேளை புரிந்துகொள்வார். பலகையைப் பார்க்காமலே போய்விட்டால் அவருக்கு அது அங்கே இருப்பதாகவேகூட இருக்கட்டும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தாள்.

நாற்காலியில் கோதண்டபாணி இல்லை. உள் அறைக் கட்டிலில் களைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கழற்றிய கட்டைக் காலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார். அடுப்படியில் மேரி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"எங்க போனீங்க அண்ணி, அப்பாவப் பாக்கவா? எனக்குத் தெரியும், உங்களால வீட்ல இருக்க முடியாதுன்னு." கரண்டியைக் கழுவிக்கொண்டே குரலைத் தணித்தாள். "பாவம், ரொம்ப நல்ல மாதிரி. அண்ணனப் பத்தி என்னென்னா சொன்னாரு தெரியுமா? நாளைக்குக் கெளம்பறேன்னாரு. நான்தான் வியாழக்கிழம வரைக்கும் இருந்துட்டுப் போவணும்னு புடிவாதம் புடிச்சேன். சரின்னுட்டாரு. சரின்னதோட வுட்டாரா? என்னை இழுத்துக்கிட்டு இந்த மழையில, அந்தக் காலோட, போஸ்டாபீஸுக்குப் போனாரு. தந்தி ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி அவரு வூட்டுக்குத் தந்தி குடுத்தாச்சு."

"என்னான்னு?" என்றாள் அமலராணி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பொஞ்சாதி, புள்ளைங்க எல்லாரையும் உடனே ரயிலேறி வரச் சொல்லிட்டாரு அண்ணி. அந்தப் பலகைய எம் பசங்க அவங்க வாயால படிக்கட்டும்மான்னாரு."